கடலுக்கு முதுகு காட்டிய தேசப்படம்

சேலம் ஜில்லாவில் பூகோளம் நடத்திய வாத்தியார்கள் எத்தனையோ பேர். பூகோளமாகவே நடமாடிய வாத்தியார் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. சம்பள நாளில் குமாஸ்தா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். மற்ற நாட்களில் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் 'தேசப்படம்'. பால்காரர் முதல் தலைமை ஆசிரியர் வரை எல்லாருக்கும் தேசப்படம்தான்.

ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவில் இருந்த ஒரு போர்டு பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னமும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். வருஷத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், வருஷம் சொல்லாத கதையை நான் நம்புவதில்லை. யுவ வருஷம். மேட்டூர் அணை திறந்ததற்கு மறுவருஷம். என் பழைய சகா ஒருவர் தாது வருஷம் என்று இன்றும் சாதிக்கிறார். அவர் கணக்கு வாத்தியார், மன்னித்துவிடலாம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தியா தேசப்படம் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வடக்கே பாதியைக் கரையான் தின்றுவிட்டது. கேட்டால் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. அதனால் வாத்தியார் தானே தேசப்படமாகிவிட்டார். வகுப்பைப் பார்த்து நிற்பார். வழுக்கைத் தலை பனி மூடிய இமயம். இடது தோள் வங்காளம், வலது தோள் சிந்து. தாராளமான வயிறு தக்காணப் பீடபூமி. கால் கட்டைவிரல் கன்னியாகுமரி. மேல்துண்டு காவேரி, வலது விலாவில், குடகில், கிளம்பி வயிற்றைச் சுற்றிக்கொண்டு வரும். இடுப்பில் செருகிய வெற்றிலைப் பை மேட்டூர் அணை. பாடத்தின் நடுவே அவர் வெற்றிலை எடுக்கப் பையைத் திறந்தால் பையன்கள் குசுகுசுப்பார்கள்: "டேய், அணை தொறந்தாச்சுடா!"

கடலுக்கு அவர் உடம்பில் இடமில்லை. அதற்குத்தான் வகுப்பு இருந்தது.

"நீங்கதான்டா சாமி சமுத்திரம். மொத பெஞ்சு கரையோரம், கடைசி பெஞ்சு ஆழ்கடல். எந்திரி பாக்கலாம்!"

கடைசி பெஞ்சு எழ வேண்டும், அடுத்து அதற்கு முந்தியது, அப்படியே வரிசையாக எழுந்து எழுந்து முதல் பெஞ்சு வரை வர வேண்டும். அதுதான் அலை. அவர் உள்ளங்கையைத் தாழ்த்தினால் எல்லாரும் உட்கார வேண்டும். அலை ஒருநாளும் சரியாக வந்ததில்லை, கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் எழுவார்கள். "ஆழ்கடல் தூங்குதுடா!" என்று அவர் சத்தம் போடுவது ரெண்டு வகுப்பு தாண்டி எனக்குக் கேட்கும். நான் சயன்ஸ் வாத்தியார். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆனி மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். கோட்டின் மேல் பித்தானைக்கூடக் கழற்றாதவர். அவர் வாசலில் நின்ற நேரம் பார்த்து வகுப்பில் புயல் அடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சுகள் எழுகின்றன, உட்காருகின்றன, ஒரு பையன் கப்பலாக நடுவில் தள்ளாடுகிறான், தேசப்படம் கைகளை விரித்துக்கொண்டு கரையாக நிற்கிறார்.

"இது வகுப்பா, கூத்துக் கொட்டகையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வங்காள விரிகுடாங்க," என்றார் தேசப்படம், மரியாதையாக.

தலைமை ஆசிரியரின் அறைக்குள் நடந்ததைத் தலைமை ஆசிரியரே பிறகு எங்களிடம் சொன்னார். பூகோளத்துக்கென்று மேஜிக் லாந்தர் ஒன்று வரப்போகிறது. வருஷம் முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் திரும்ப வருவார். அப்போது இந்த வாத்தியார் லாந்தரை வைத்து முறைப்படி பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பூகோளம் டிரில் வாத்தியாருக்குப் போகும். இவர் கீழ் வகுப்பில் கையெழுத்துப் பழக்கும் காப்பி எழுத்துச் சொல்லித்தரலாம்.

டிரில் வாத்தியார் அன்று சாயங்காலமே படத்தைச் சுட்டிக்காட்ட ஒரு நீளமான குச்சியைச் சீவ ஆரம்பித்துவிட்டார். தேசப்படம் வெற்றிலைப் பையைத் திறக்கவே இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "காப்பி எழுத்துல மலை ஏதாச்சும் இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்க அண்ணா."

"ஆறு?"

"இல்லை."

"அப்ப நானு அங்க போயி என்னத்தைங்க பண்றது?"

லாந்தரைப் பழக்கிக்கொடுக்கும் பொறுப்பைத் தலைமை ஆசிரியர் என் தலையில் கட்டினார். ஆடிக் கடைசியில் அது மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தகரத்தில் செய்த ஒரு பெட்டி. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, மேலே புகை போக ஒரு குழாய். விளக்குக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குண்டுக் கண்ணாடி. அதை ஒட்டிப் படம் செருக ஒரு சந்து. படங்களும் கண்ணாடியில் எழுதியவைதான். கடைசியாக மூக்கு மாதிரி நீண்டு ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் படம் பெரிதாகிச் சுவரில் விழும்.

சுவர் எங்களிடம் வெள்ளையாக இல்லை. தேசப்படம் வெண்ணந்தூர்த் தறியில் நெய்த தம் எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து கட்டினார். வேட்டிக்குப் பச்சைக் கரை. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் சகாரா பாலைவனத்துக்குக்கூட அடியில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. ஜன்னல்களை அடைக்க நிலக்கடலை மூட்டைச் சாக்குகள் வந்தன. அவற்றின் மூலைகளில் தங்கிய பருப்பைப் பையன்கள் இருட்டில் துழாவித் தின்றுகொண்டிருந்ததால், உலகத்தின் எந்தக் கண்டத்தைக் காட்டினாலும் வகுப்பில் கொறிக்கும் சத்தம் கேட்கும்.

முதல் நாள் பயிற்சி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாங்கள் இருவர் மட்டும். நான் விளக்கை ஏற்றினேன். தேசப்படம் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, எரிகிற லாந்தரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் படம் சக்கரவர்த்தியின் உருவம். அந்தக் காலத்தில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் அவர்தான் இருப்பார்.

"இதை இந்தச் சந்துக்குள்ள தலைகீழா வைங்க அண்ணா," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரை?"

"படத்தை."

"படத்துல இருக்கறது யாருங்க?"

"சக்கரவர்த்தி."

"சர்க்காரு சம்பளம் வாங்கிக்கிட்டு சக்கரவர்த்தியத் தலைகீழா நிக்க வெக்கச் சொல்றீங்களா? ஏனுங்க சாமி, உங்களுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

கண்ணாடி படத்தைத் தலைகீழாகத் திருப்பும், நாம் தலைகீழாக வைத்தால்தான் வேட்டியில் நேராக விழும் என்று விளக்கினேன். நம்பவில்லை. நேராகவே செருகினார். வேட்டியில் சக்கரவர்த்தி கிரீடத்தைப் பச்சைக் கரையில் ஊன்றி, இரண்டு கால்களையும் கூரைக்குக் காட்டிக்கொண்டு நின்றார். தேசப்படம் அலறிக்கொண்டு போய்த் தன் துண்டால் லாந்தரின் மூக்கை மூடினார். வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

அவரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த சயன்ஸ் முழுவதையும் எடுத்து விட்டேன். "நம்ம கண்ணும் இதே மாதிரிதான் அண்ணா. எதைப் பார்த்தாலும் கண்ணுக்குள்ள தலைகீழாத்தான் விழும். அப்புறம் மூளை அதை நிமிர்த்திக்குது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளுத்துப்போனது. "எதைப் பாத்தாலுமா?"

"எதைப் பார்த்தாலும்."

"கோயிலுக்குப் போனாலுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே பதில் தெரிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிட்டதைப் பார்த்து, "என்னுங்க, கண்ணு வலியுங்களா?" என்று பூசாரி விசாரித்தாராம். "சாமிக்கு நல்லதுக்குத்தானுங்க," என்றாராம் இவர்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முன்கூட்டி மன்னிப்புக் கேட்டுவிடுவது. "மன்னிக்கோணும் மகாராஜா, தலைகீழா போறீங்க," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செருகுவார். எல்லாருக்கும் ஒரே மாதிரி மன்னிப்பு இல்லை. சக்கரவர்த்திக்கு முழு வாக்கியம். கோபுரத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வது. எஸ்கிமோவுக்கு, "கொஞ்சம் பொறுத்துக்கங்க." ஒட்டகத்துக்கு ஒன்றும் கிடையாது, அது நேரே தலைகீழாகப் போகும்.

ஆவணிக்குள் நன்றாகவே தேறிவிட்டார். திரி கத்தரிப்பது, புகைக்கரி துடைப்பது, படத்தைத் தெளிவாக்க மூக்கை முன்னும் பின்னும் நகர்த்துவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. "மூக்கைச் சிந்தி உட்டாத் தெளிஞ்சுக்குதுங்க," என்பார் அதை. நான் நிம்மதியானேன். புரட்டாசி நடுவில் எனக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், கார்த்திகைக் கடைசியில்தான் திரும்பினேன். அரைப் பரீட்சை முடிந்திருந்தது. ஆசிரியர் அறையில் தேசப்படம் விடைத்தாள் கட்டின் முன்னால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சாமி. ஆஸ்திரேலியாவுல நடு மத்தியில பெரிய ஏரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"பாலைவனம்தானே அண்ணா?"

"பசங்க பூரா ஏரின்னு எழுதியிருக்கறானுங்க. வட்டமான கறுப்பு ஏரின்னு."

தாள்களைப் புரட்டினேன். ஆப்பிரிக்காவின் நடுவிலும் அதே ஏரி. ஆசியாவிலும் அதே. கெட்டிக்காரப் பையன் ஒருவன் இதிலிருந்து ஒரு விதியே உண்டாக்கியிருந்தான்: 'எல்லாக் கண்டங்களின் மத்தியிலும் வட்டமான ஏரி ஒன்று உண்டு. ஒட்டகத்தின் வயிற்றிலும் உண்டு. அதனால்தான் அது தண்ணீரில்லாமல் பல நாள் நடக்கிறது.' சக்கரவர்த்தியின் மார்பில் அது பதக்கமாகியிருந்தது.

நேரே போய் லாந்தரைத் திறந்தேன். குண்டுக் கண்ணாடியின் நட்டநடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது.

"சரஸ்வதி பூசைக்கு வெச்சதுங்க," என்றார் தேசப்படம் பின்னாலிருந்து. "தராசுக்கு வெச்சோம், மணிக்கு வெச்சோம், பாவம் இதுக்கு மட்டும் வெக்காம உடறதுங்களா?"

"முன்னால நீட்டிக்கிட்டிருக்கிற சின்னக் கண்ணாடியில வெச்சிருந்தாக்கூடப் படம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். போயும் போயும் படத்துக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கீங்களே!"

"அது மூக்குங்க சாமி. மூக்குல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? நெத்தியிலதானுங்க வெப்பாங்க."

பொட்டைச் சுரண்டி எடுக்க ஒருநாள் சாயங்காலம் முழுக்க ஆனது. ஏரியை உலகத்திலிருந்து அழிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. விதி கண்டுபிடித்த பையன் மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை.

இன்ஸ்பெக்டர் மார்கழிக் கடைசியில், பொங்கல் விடுமுறைக்கு முன்னால் வருகிறார் என்று செய்தி வந்தது. கூடவே, புதிதாக அனுப்பியிருக்கும் பெட்டியிலிருந்துதான் பாடம் நடத்த வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெட்டியில் இருந்தவை சமுத்திரப் படங்கள். நானும் தேசப்படமும் அன்றே பயிற்சிக்கு உட்கார்ந்தோம். வழக்கம்போல் முதலில் சக்கரவர்த்தி போனார், மன்னிப்போடு. அடுத்த படத்தைக் கையில் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்து, "இது என்னங்க?" என்றார்.

"கடல். பாறையில அலை மோதுற படம். ரொம்ப நல்லா இருக்கு, போடுங்க."

அவர் அதைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தார். "இது வேண்டாங்க."

"அண்ணா, பாடமே இதுதான்."

"பாடம் நடத்தறனுங்க. படம் பாக்கமாட்டேன்."

அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே வந்தது. அவர் கடலைப் பார்த்ததே இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வருஷா வருஷம் அலையும் ஏற்றவற்றமும் நடத்துகிறவர், ஒருதரம்கூடக் கடலைப் பார்த்ததில்லை. புறப்படாமல் இல்லை. முதல் தடவை சங்ககிரி போய் ரயிலுக்கு நிற்கும்போது, கிணற்றில் தூர் எடுக்க ஆள் வந்துவிட்டார்கள் என்று பங்காளி ஒருவர் ஓடிவந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் தடவை மூட்டை கட்டிய அன்று சம்சாரத்துக்குப் பிரசவ வலி. பெண் பிறந்தது, காவேரி என்று பெயர் வைத்தார். மூன்றாம் தடவை ஈரோட்டில் காலரா என்று போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

"சரி, இப்போ படத்துலயாவது பார்த்துக்கலாமே?" என்றேன்.

"அங்கதானுங்க சங்கதியே இருக்குது. மொதல்ல இந்தக் கண்ணாடியில பாத்துப்போட்டேன்னு வைங்க. அப்பறம் ஒருநா நேர்ல போயி நிக்கறப்ப, 'அட, படத்துல பாத்த மாதிரியே இருக்குது'ன்னு மனசுல தோணிப்போடும். கடலைப் பாத்து, படம் மாதிரி இருக்குதுன்னு நெனைக்கறவன் பூகோள வாத்தியாருங்களா சாமி?"

"பூகோளம் போயிடும் அண்ணா. டிரில் வாத்தியார் குச்சிக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கார்."

"தெரியுமுங்க." "நாளைக்குச் சொல்றனுங்க. இப்ப ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்."

அன்று அவர் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்துண்டுக் காவேரி தோளிலிருந்து நழுவித் தரையில் புரண்டுகொண்டு போனது; அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்கு முன்பே என் முன்னால் நின்றார். "பாக்காம நடத்தறனுங்க. நீங்க படத்தைச் சொல்லுங்க, நானு மனப்பாடம் பண்ணிக்கறேன்."

அப்படி ஒரு பயிற்சியை எந்தப் போதனா முறைக் கல்லூரியிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கடல் படத்தை எந்தப் பக்கம் செருகுவது என்று விரலுக்குத் தெரிய, அதன் மூலையில் காகிதம் ஒட்டினோம். பிறகு அவர் வேட்டிக்கு முதுகு காட்டி நிற்பார், நான் படத்தைப் பார்த்துச் சொல்வேன்.

"இடது பக்கம் பாறை அண்ணா."

"என்ற இடதுங்களா, உங்க இடதுங்களா?"

"என் இடது."

"அப்ப என்ற சோத்துக்கைப் பக்கம். சரி. அலை எவ்வளவு ஒசரம்?"

"உங்க தோள் அளவுக்கு."

"வங்காளத்துத் தோளா, சிந்துத் தோளா?"

இப்படியே ஒவ்வொரு படமும். குச்சியைத் தலைக்குப் பின்னால் வளைத்து, பார்க்காமலேயே பாறையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தேறினார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

இன்ஸ்பெக்டர் வந்தார். சாக்குகளை இழுத்து விட்டோம். லாந்தர் வகுப்பின் பின்புறம், கடைசி பெஞ்சுக்கும் பின்னால், மேஜைமேல் இருந்தது. முன்னால் பச்சைக்கரை வேட்டி. இன்ஸ்பெக்டர் ஓரமாக நாற்காலியில். தலைமை ஆசிரியர் அவருக்குப் பக்கத்தில், நாற்காலியின் நுனியில். நான் லாந்தருக்கு அருகில் நின்றேன். ஆனால் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு.

இருட்டில் தேசப்படத்தின் குரல் கணீரென்று வந்தது. "மன்னிக்கோணும் மகாராஜா, தலைகீழா போறீங்க."

"யார் அது? யாரிடம் பேசுகிறார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சக்கரவர்த்திகிட்டங்க. தலைகீழா போட்டாத்தான் நேரா வாராருங்க. கேக்காமப் போடறது மரியாதை இல்லீங்களே."

வேட்டியில் சக்கரவர்த்தி நேராக வந்து நின்றார். எல்லாரும் எழுந்தோம். இன்ஸ்பெக்டரும் எழுந்தார். அவருக்கு இதில் தப்புக் கண்டுபிடிக்க ஆசையாக இருந்திருக்க வேண்டும். ராஜவிசுவாசத்தில் தப்புக் கண்டுபிடிக்கிற சர்க்கார் உத்தியோகஸ்தரை நான் இன்னும் பார்க்கவில்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது கடல். தேசப்படம் காகிதம் ஒட்டிய மூலையை விரலால் தேடினார், செருகினார், உடனே வேட்டிக்கு முதுகைத் திருப்பினார். இப்போது அவர் முன்னால் போயாக வேண்டும். பெஞ்சுகளுக்கு நடுவே பின்னோக்கி நடந்தார். ஒவ்வொரு அடியாக, குச்சியை மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகு வேட்டியில் முட்டும்வரை நடந்தார். தலைமை ஆசிரியர் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அங்கே போய் நின்றதும் கடல் அவர் மேல் விழுந்தது. வழுக்கைத் தலையில் நுரை, சட்டையில் அலை, தக்காணப் பீடபூமியின் மேல் உப்புத் தண்ணீர். கொஞ்சம் குனிந்தால் தன் மார்பிலேயே கடலைப் பார்த்திருப்பார். அவர் குனியவில்லை. தலையை நிமிர்த்தி, கூரையைப் பார்த்துக்கொண்டு, குச்சியைப் பின்னால் வளைத்துப் பாறையைத் தொட்டார். சரியாகத் தொட்டார்.

பாறையை அலை எப்படித் தின்கிறது, காற்று எப்படி அலையை எழுப்புகிறது என்று பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது இன்ஸ்பெக்டர் இருட்டிலிருந்து கேட்டார்:

"அலை நகர்கிறது என்கிறீர். படத்தில் நகரவில்லையே. பையன்களுக்கு எப்படிப் புரியும்?"

பழக்கம் அவரை மீறி வாயைத் திறந்துவிட்டது.

"ஏய் சமுத்திரம்! எந்திரி!"

ஆனி மாதத்துக்குப் பிறகு அந்த வகுப்பு அந்த வார்த்தையைக் கேட்கவில்லை. அத்தனை பெஞ்சும் காத்துக்கொண்டிருந்த மாதிரி எழுந்தது. விளக்கு பின்னால் இருந்ததால் எழுகிற ஒவ்வொரு தலையின் நிழலும் வேட்டியில் விழுந்தது. நிழல்கள் பச்சைக் கரையிலிருந்து கிளம்பி, உருண்டு, பாறைவரை ஏறி, அவர் கையைத் தாழ்த்தியதும் இறங்கின. மறுபடி ஏறின. வேட்டியில் இருந்த கடல் அசைந்தது. கடைசி பெஞ்சு வழக்கம்போல் பிந்தி எழுந்தது. விளக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் அவர்களுடைய நிழல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மற்ற அலைகள் ஓய்ந்த பிறகு தனியாக வந்து மோதியது. அவ்வளவு பெரிய அலையை நான் சென்னையில்கூடப் பார்த்ததில்லை. கடலைக்காய் கொறிக்கும் சத்தம் அன்று நின்றிருந்தது.

தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கோட்டின் மேல் பித்தானைக் கழற்றினார்.

"இன்னொரு தரம்," என்றார்.

மூன்று தரம் கேட்டார் என்று கணக்கு வாத்தியார் சொல்வார். நான் எண்ணவில்லை.

சாக்குகளை விலக்கிய பிறகு இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "பல பள்ளிக்கூடங்களில் லாந்தர் பாடம் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் கடல் சும்மா நின்றது," என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, "ஒன்று கேட்க வேண்டும். நீர் ஒரு தடவைகூடப் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லையே, ஏன்?"

தேசப்படம் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அதற்குள் தலைமை ஆசிரியர் குறுக்கே பாய்ந்தார்: "வகுப்புக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அவர் கொள்கை சார்!"

"நல்ல கொள்கை," என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லா ஆசிரியர்களும் பின்பற்றலாம்."

பூகோளம் அவரிடமே இருந்தது. அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் ரொம்ப நாள், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றாலே வாத்தியார்கள் கரும்பலகையைப் பார்க்காமல் கையைப் பின்னால் வளைத்து எழுதப் பழகினார்கள். டிரில் வாத்தியார் தம் குச்சியைத் தேசப்படத்துக்கே கொடுத்துவிட்டார். பாறையைத் தொட அது இன்னும் வசதியாக இருந்தது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது பார்த்திப வருஷம், யுத்தம் முடிந்த பிறகு. மாசி மாதம் என் வீட்டு வாசலில் கையில் மூட்டையோடு வந்து நின்றார். "ஏனுங்க சாமி, ராமேசுவரம் போலாமுங்களா? இந்தத் தடவை தூர் எடுக்கக் கெணத்துல ஒண்ணுமில்லீங்க. சேறே காஞ்சுபோச்சு."

ஈரோட்டில் ரயிலேறி, திருச்சியில் மாறிப் போனோம். பாம்பன் பாலம் வருகிறது என்று பெட்டியில் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். தேசப்படம் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

"உடம்பு சரியில்லையா பெரியவருக்கு?" என்றார் எதிரே இருந்த ஒரு செட்டியார்.

"ஜன்னல் வழியாப் பாத்தா அதும் படந்தானுங்க," என்றது துண்டு.

தனுஷ்கோடியில் இறங்கி, அவர் கையைப் பிடித்து மணலில் நடத்திக்கொண்டு போனேன். கண் மூடியே இருந்தது. தண்ணீர் காலில் பட்டதும் நின்றார். குனிந்து கண்ணைத் திறந்து, கால் கட்டைவிரலைப் பார்த்து, அங்கிருந்து மெல்ல, மிக மெல்லக் கண்ணைத் தூக்கினார்.

நான் கடலைப் பார்க்கவில்லை. நான் பல தடவை பார்த்ததுதான் அது. அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காவேரி தோளிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. நான்தான் எடுத்துப் பிழிந்து வைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு அண்ணா?" என்றேன் கடைசியில்.

"நம்ம பசங்க மாதிரியேதானுங்க இருக்குது சாமி." தூரத்தில் ஒன்று மெதுவாகத் திரண்டு வருவதைக் காட்டினார். "பாருங்க, கடைசி பெஞ்சு. இங்கயும் சொணக்கமாத்தான் எந்திரிக்குது."

அது வந்து சேரும்வரை பொறுத்திருந்தார். கரைக்கு வந்ததும், உள்ளங்கையைத் தாழ்த்தினார்.

அலை உட்கார்ந்தது.